"மிக" வேறு, "ஆக" வேறு

மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில், தோட்டத்து மாலை வகுப்பின் மொழி ஆசிரியை ஆற்றிய உரை. அன்று வர முடியாமற்போனவர்களுக்காக இங்கு தரப்படுகிறது.



காலையில் பிரட்டுக்குப் போய், பால் வெட்டி, கொழுந்து பறித்து, வந்த கையோடு வீட்டு வேலையையும் பார்த்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

போன கூட்டத்தில் ஒரு அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: "டீச்சர், வீட்டுக்கு இன்னும் கூரை போடல. புள்ளைங்க ராத்திரியில 'ப்ளூ ப்ளூ'ன்னு படிச்சுக்கிட்டு இருக்குதுங்க. இந்த நேரத்துல பிரெஞ்சு எதுக்கு?" நியாயமான கேள்வி. அன்று எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. இன்று சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், பிரெஞ்சு இங்கே எப்படி வந்தது? 1977இலும் 1981இலும் 1983இலும் நடந்த வன்செயல்களில் இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி என்று போன குடும்பங்கள் பல. அப்படிப் போனவர்களின் பிள்ளைகள் சிலர் இன்று பாரிஸில் இருக்கிறார்கள். அங்கிருந்து கடிதமும் படிவமும் இங்கே வருகின்றன. இன்னொரு பக்கம், பின்னவலை யானைகளைப் பார்க்கவும், கித்துல்கலை ஆற்றில் படகு விடவும், சிங்கராஜக் காட்டுக்குள் நடக்கவும், சிவனொளிபாதமலை ஏறவும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் வருகிறார்கள். அவர்களோடு நாலு வார்த்தை பேசத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்கலாம். நிவாரண வேலை செய்யும் அமைப்புகளிலும் அந்த மொழி இருக்கிறது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 1863இல் ஜெனீவாவில் தொடங்கியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1971இல் பாரிஸில் தொடங்கியது. இரண்டும் பிரெஞ்சு பேசும் நகரங்கள்.

இவை பிள்ளைகளுக்கான காரணங்கள். பெரியவர்களுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பிள்ளைகள் இப்போது படிக்கும் பாடம், "எல்லாவற்றிலும் பெரியது", "எல்லாரிலும் மூத்தவர்" என்று சொல்வது எப்படி என்பது. அந்தப் பாடம் முகாமில் நமக்குள் நடந்த ஒரு சண்டையை எனக்கு விளக்கியது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மண்சரிவுக்குப் பிறகு நாம் எல்லோரும் பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தபோது ஒரு படிவம் தந்தார்கள். உங்கள் குடும்பம் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்று கேட்டிருந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொருவரும் சொன்னது ஒரே வரி: "மிகவும் பாதிக்கப்பட்டுள்ளோம்." நானும் அப்படியே எழுதினேன். ஒரு படிவத்துக்கும் மற்றதுக்கும் வித்தியாசமே இல்லை. பிறகு பட்டியல் வந்தது. சிலருக்கு முதலில் கிடைத்தது, சிலருக்குப் பிந்தியது. "அவங்களுக்கு மட்டும் எப்படி?" என்று பேச்சு வந்தது. ஒரே லயத்தில் சுவரோடு சுவராக இருந்தவர்கள் முகம் பார்க்காமல் போனார்கள். அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. "மிகவும்" என்ற சொல் அந்த இடத்தில் வேலை செய்யாது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது பாடத்துக்கு வருவோம்.

தமிழில் "மிகப் பெரிய வீடு" என்றால் இரண்டு பொருள் வரும். ஒன்று, ரொம்பப் பெரிய வீடு. மற்றது, எல்லா வீட்டையும்விடப் பெரிய வீடு. எதைச் சொல்கிறோம் என்பதைக் கேட்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பேச்சில் நமக்கு இது கஷ்டமில்லை.

பிரெஞ்சு அப்படி விடாது. "ரொம்ப" என்பதற்கு ஒரு சொல், "எல்லாவற்றிலும்" என்பதற்கு வேறு சொல். ரொம்ப என்பது "த்ரே". எல்லாவற்றிலும் என்பது "லு ப்ளூ". இந்த "ப்ளூ" நீல நிறமல்ல. உதட்டை "ஊ" என்று குவித்துக்கொண்டு "ப்ளீ" என்று சொன்னால் அந்த ஒலி சரியாக வரும்.

மூன்று படி இருக்கிறது. "கிராந்த்" என்றால் பெரிய. "ப்ளூ கிராந்த்" என்றால் இன்னும் பெரிய, அதாவது ஒன்றைவிடப் பெரிய. அதன் முன்னே "லா" என்று ஒரு சிறு சொல்லை வைத்து "லா ப்ளூ கிராந்த்" என்றால் எல்லாவற்றிலும் பெரியது. கூட்டத்தில் ஒன்றைக் கைகாட்டி "இதுதான்" என்று சொல்கிற வேலையை அந்த "லா" செய்கிறது. அது இல்லாவிட்டால் மூன்றாம் படி இல்லை.

அந்தச் சிறு சொல் ஆளுக்கும் பொருளுக்கும் ஏற்ப மாறும். ஆண்பாலுக்கு "லு", பெண்பாலுக்கு "லா", பலருக்கு "லே". குடும்பத்தின் கடைக்குட்டி பையன் என்றால் "லு ப்ளூ பெத்தி". பெண் பிள்ளை என்றால் "லா ப்ளூ பெத்தித்". வயதில் மூத்தவர்கள் என்று பலரைச் சொன்னால் "லே ப்ளூஸாஜே". பிரெஞ்சில் வீடு, ரோட்டு, மலை, குடும்பம் எல்லாம் பெண்பால். அதனால்தான் வீட்டுக்கு "லா" வந்தது.

பெரிய, சிறிய, நல்ல, பழைய, அழகான போன்ற சின்னச் சொற்கள் பெயருக்கு முன்னே வரும்: "லா ப்ளூ கிராந்த் மெஸோன்", எல்லாவற்றிலும் பெரிய வீடு. மற்றச் சொற்கள் பெரும்பாலும் பெயருக்குப் பின்னே வரும். அப்போது அந்தச் சிறு சொல்லை இரண்டு தடவை சொல்ல வேண்டும். பத்திரமான ரோட்டு எது என்று கேட்டால் "லா ரூத் லா ப்ளூ ஸ்யூர்". கிட்ட உள்ள ஆஸ்பத்திரி என்றால் "லொப்பித்தால் லு ப்ளூ ப்ரோஷ்". பிள்ளைகள் இரண்டாவது "லா"வை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். மறந்தால், "இன்னும் பத்திரமான ரோட்டு" என்ற இரண்டாம் படிக்கு இறங்கிவிடும்.

குறைவைச் சொல்ல "ப்ளூ"வை எடுத்துவிட்டு "ம்வான்" போட்டால் போதும். "லு ம்வான்" என்றால் எல்லாவற்றிலும் குறைந்தது.

நல்லதுக்கு மட்டும் தனி வழி. நல்ல என்பது "போன்". ஆனால் "லு ப்ளூ போன்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "லு மெய்யர்" என்றுதான் சொல்ல வேண்டும். நன்றாக என்பது "பியென்". எல்லாரையும்விட நன்றாக என்றால் "லு மியெ". கெட்டதுக்கு "லு பீர்" என்று ஒரு சொல் உண்டு. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இது உங்களுக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் பஜாரில் சிங்களம் பேசும்போது நீங்கள் இதைத் தினமும் செய்கிறீர்கள். "ஹொந்த" என்றால் நல்ல. "ஹொந்தம" என்றால் எல்லாவற்றிலும் நல்லது. "லொக்கு" பெரிய, "லொக்கும" எல்லாவற்றிலும் பெரியது. கடைசியில் ஒரு "ம" சேர்ந்தால் மூன்றாம் படி. பிரெஞ்சில் முன்னே வருவது சிங்களத்தில் பின்னே வருகிறது, அவ்வளவுதான்.

தமிழிலும் வழி இல்லாமலில்லை. "எல்லாரிலும் மூத்தவர்" என்கிறோம். இலங்கைத் தமிழில் "ஆகக்கூடிய", "ஆகக்குறைந்த" என்று இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன. வானொலியில் "ஆகக்கூடிய மழைவீழ்ச்சி" என்று கேட்டிருப்பீர்கள். அது "ரொம்ப மழை" அல்ல. அளந்த இடங்கள் எல்லாவற்றிலும் கூடிய மழை. ஆகவே "த்ரே"யை "மிக" என்றும், "லு ப்ளூ"வை "ஆக" என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

மற்றப் பாதி ஒரே ஒரு கேள்வி: எதற்குள்?

பிரெஞ்சில் "லு ப்ளூ" சொன்ன பிறகு, பெரும்பாலும் "து" என்று தொடங்கி எந்தக் கூட்டத்துக்குள் என்று சொல்வார்கள். "குடும்பத்தில்", "ஊரில்", "நாட்டில்" என்று ஒரு வேலி போடுவது போல. வேலி இல்லாமல் "ஆக உயரமானது" என்று சொன்னால் அது அரைகுறைப் பேச்சு.

நம் கண்முன்னே உள்ள உதாரணம் சிவனொளிபாதமலை. இந்தப் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளிடம் நாட்டின் உயரமான மலை எது என்று கேட்டால் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். அதன் உயரம் 2,243 மீற்றர். பேதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். சிவனொளிபாதத்தை "த்ரே ஓத்", மிக உயரமானது, என்று தாராளமாகச் சொல்லலாம். "லா ப்ளூ ஓத் மோந்தாஞ் த்யூ பெயி", நாட்டிலேயே ஆக உயர்ந்த மலை, என்று பேதுருதாலகாலையை மட்டுமே சொல்ல முடியும். இதனால் சிவனொளிபாதத்தின் பெருமை ஒன்றும் குறையவில்லை. மிகவும் என்பது ஒரு உண்மை, ஆக என்பது வேறொரு உண்மை.

இனி முகாமுக்குத் திரும்புவோம். உதவி அமைப்புகளின் தாள்களில் ஒரு சொற்றொடர் அடிக்கடி வரும். பிரெஞ்சில் "லே ப்ளூ வுல்னேராப்ள்". தமிழில் அதை "மிகவும் பாதிக்கப்படக்கூடியவர்கள்" என்று எழுதுவார்கள். இந்த மொழிபெயர்ப்பில்தான் சிக்கல். மூலத்தில் இருப்பது "ஆக", தமிழில் வந்தது "மிக". படித்த நாம் "நாங்களும் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள்தானே" என்று நினைத்தோம். அது பொய்யல்ல. ஆனால் தாள் கேட்டது அதை அல்ல. இந்தப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்குள், ஒன்றோடொன்று ஒப்பிட்டால், யாருக்கு முதலில் தேவை என்று கேட்டது.

ஒப்பிடுவதற்கு அளவு வேண்டும். "கஷ்டம்" என்ற சொல்லை யாராலும் அளக்க முடியாது. வீட்டில் எத்தனை பேர், ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், கர்ப்பிணி இருக்கிறாரா, நடக்க முடியாதவர் இருக்கிறாரா, காம்பராவில் எவ்வளவு உயரத்துக்கு மண் வந்தது, இப்போது செக்ரோலில் எத்தனை பேருக்குப் பெயர் விழுகிறது. இவற்றை அளக்கலாம். அதனால் அடுத்த படிவத்தில் "மிகவும்" என்று எழுதாதீர்கள், எண்ணிக்கையை எழுதுங்கள். "குடும்பத்தில் 6 பேர். 2 பிள்ளைகள் 5 வயதுக்குக் கீழ். மாமியார் நடக்கமாட்டார். சமையலறைச் சுவர் இல்லை." இப்படி எழுதினால், ஒப்பிடுகிறவர் ஒப்பிட்டுக்கொள்வார்.

பட்டியல் வந்த பிறகும் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சத்தம் போடத் தேவையில்லை. இரண்டு கேள்வி போதும். "எந்தக் குடும்பங்களுக்குள் பார்த்தீர்கள்?" "எந்த அளவை வைத்துப் பார்த்தீர்கள்?" தோட்டம் முழுவதுக்குமா, ஒரு பிரிவுக்கு மட்டுமா, கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கா? பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்தா, வீட்டின் சேதத்தை வைத்தா? வேலியும் அளவும் தெரிந்தால், உங்கள் பெயர் ஏன் இல்லை என்பது விளங்கும். பிழை இருந்தால் எந்த இடத்தில் பிழை என்று காட்டவும் முடியும். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி.

இன்னொரு சொற்றொடரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது அதுதான். "ஊன் தே ஃபாமிய் லே ப்ளூ தூஷே." ஆகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் ஒன்று. "நான்தான் முதல்" என்று சொன்னால் பக்கத்துக் காம்பராக்காரரைப் பின்னே தள்ளுகிறோம். "அவர்களில் நானும் ஒருத்தி" என்று சொன்னால் யாரையும் தள்ளவில்லை, உண்மையையும் விடவில்லை. முகாமில் இருந்த பலருக்குச் சரியான சொல் இதுதான்.

அடுத்து, உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு விடயம்.

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவின் களுபஹனவிலும் என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த வருடம் மே மாதம் இரத்தினபுரிப் பக்கம் வெள்ளமும் மண்சரிவும் வந்தன. திரும்பிப் போகும் நம் எல்லோருக்கும் மழைக்காலம் இனி வெறும் மழைக்காலமாக இராது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படியாகத் தருகிறது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. பொதுவாக 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 100 என்றால் செம்மஞ்சள்: புறப்படத் தயாராக இருங்கள். 150 என்றால் சிவப்பு: வெளியேறுங்கள். நாம் சற்றுமுன் படித்த மூன்று படியே இங்கேயும் இருக்கிறது. முதற்படி, ஒன்றைவிடக் கூடியது, ஆகக்கூடியது. சிவப்பை "ரொம்ப ஆபத்து" என்று நினைக்கிறவர் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம், ஆடு மாடு இருக்கு, உடுப்பு இருக்கு" என்று நிற்பார். சிவப்பு "மிக" அல்ல, "ஆக". அதற்கு மேலே இன்னொரு படி இல்லை. காத்திருப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.

நிறம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரமும் தூணும் சாய்வது, ஊற்று திடீரெனக் கலங்கி வருவது அல்லது நின்றுபோவது. இவற்றில் ஒன்றைக் கண்டால் எச்சரிக்கை வராவிட்டாலும் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பிள்ளைகள் வகுப்பில் ஒரு வாக்கியம் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்: "லு மியெ, ஸே து பார்த்தீர்." எல்லாவற்றிலும் நல்லது, கிளம்பிவிடுவது. இதைப் படித்த பிள்ளை ராத்திரியில் எழுப்பினால் திட்டாமல் எழும்புங்கள்.

கடைசியாக, பிரான்சில் சொந்தக்காரர் உள்ள குடும்பங்களுக்கு மூன்று சிறு சொற்கள். அங்கிருந்து வரும் கடிதத்தில் இவற்றைக் கண்டால் கீழே கோடு போட்டு வையுங்கள். "ஓ ப்ளூ தார்" என்றால் ஆகப் பிந்தினால். அதற்குப் பக்கத்தில் உள்ள திகதிக்குப் பிறகு அனுப்பினால் பயனில்லை. "ஓ ம்வான்" என்றால் ஆகக்குறைந்தது. "ஓ ம்வான் 3" என்று இருந்தால் மூன்றுக்குக் குறையக் கூடாது, கூடலாம். "லு ப்ளூ தோ பொஸிப்ள்" என்றால் முடிந்தளவு சீக்கிரம். கடிதத்தில் மற்றது ஒன்றும் விளங்காவிட்டாலும் இந்த மூன்றும் விளங்கினால், எப்போது ஓட வேண்டும் என்று தெரியும். மிச்சத்தை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். கூரை போடுவதற்குப் பிரெஞ்சு தேவையில்லை. ஆனால் "ஆக" என்று ஒருவர் சொல்லும்போது "எதற்குள், எந்த அளவில்" என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, அடுத்த முறை உங்கள் படிவத்தை என்னைவிட ஒழுங்காக எழுதும்.

முகாமில் பேச்சு நின்றுபோன வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. புது வீட்டுக்குப் பால் காய்ச்சும்போது முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் எழுதியதும் பொய்யில்லை, நாம் எழுதியதும் பொய்யில்லை. இரண்டு பேரும் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள்தான்.